சர்க்கரையில் ஒரு பிள்ளை

நாத்தனார் மர்வாவுக்கு ஆண் பிள்ளை பிறந்து நாலு நாளாகியும் இப்திசாம் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளை ஒன்றும் வெளியூரில் இல்லை. அதே கட்டடத்தில், இரண்டு மாடி கீழே, தாய் வீட்டில்தான் மர்வா படுத்திருந்தாள். கடற்கரைப் பேட்டையான சீதி பிஷ்ரில் அந்தக் கட்டடத்துச் சமையலறை ஜன்னல்கள் எல்லாம் நடுவில் இருக்கும் காற்றுக் கூண்டைப் பார்த்துத்தான் திறக்கும். எந்த வீட்டில் பூண்டு வதங்குகிறது, எந்த வீட்டில் சண்டை நடக்கிறது என்பதெல்லாம் அந்தக் கூண்டு வழியாகவே மேலே ஏறி வரும். பிள்ளை யாசீன் பாலுக்கு அழுகிற சத்தமும் அப்படித்தான் வந்தது. இப்திசாம் முட்டை அடிக்கிற மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பாள்.

பிரசவமான அன்றைக்கே கோழி சூப்பைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவள்தான் அவள். அறை வாசலில் மாமியார் ஹாஜா சனிய்யா சூப்பை வாங்கிக்கொண்டு, "தூங்குறாம்மா, அப்புறம் பாக்கலாம்" என்று கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே பத்துப் பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. தூங்குகிற பிள்ளையைச் சுற்றி யார் அப்படிச் சிரிப்பார்கள்? இப்திசாம் முட்டாள் இல்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், வயிறு திறக்கவில்லை. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று நம்புகிற ஜனம் அது. பிள்ளை இல்லாதவள் கண் பச்சைப் பிள்ளைமேல் விழுந்தால் தாய்க்குப் பால் வற்றும், பிள்ளைக்கு உடம்பு இளைக்கும். படித்தவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவார்கள்.

ஆனால் இதே ஜனத்துக்குத்தான் அவள் கேக் வேண்டும். வீட்டிலிருந்தே செய்துகொடுப்பாள். வட்டமும் சதுரமுமாகச் செய்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு, இவள் செய்வது சிலை. டாக்டருக்குப் படிக்கப்போன பெண்ணுக்கு ஸ்டெதஸ்கோப்போடு வெள்ளைக் கோட்டு, மீன்காரனின் அறுபதாம் பிறந்தநாளுக்கு வாய் பிளந்த கொடுவா. ஒரு கசாப்புக்கடைக்காரருக்குக் கன்றுக்குட்டித் தலை செய்துகொடுத்தாள், அவர் அதை நாக்கு வேறு காது வேறாகப் பிரித்துக் கொடுத்ததைத் தெருவே நின்று பார்த்துச் சிரித்தது. பிள்ளைத்தாய்ச்சிகளின் விருந்துக்கு நிறைமாத வயிறு கூடச் செய்திருக்கிறாள், தொப்புள் வெளியே பிதுங்கினது முதற்கொண்டு. ஊரான் வயிறெல்லாம் அவள் கையில் வந்தது, அவள் வயிறு மட்டும் வரவில்லை என்று மாமியாரே விருந்தாளிகளிடம் சொல்வாள். நாக்கில் நரம்பு கிடையாது.

ஐந்தாம் நாள் காலையில் அந்த மாமியாரே மூச்சு வாங்க மாடியேறி வந்தாள்.

"ஏம்மா, ஏழாம் நாளுக்குக் கேக்கு வேணுமே. ஆம்பளப் புள்ளைக்கு மூக்கு வெச்ச கெண்டி செய்வாங்கல்ல, அது மாதிரி ஒண்ணு. நீலக் கலர்ல. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஸ்மூஹாவுலேர்ந்து வர்றாங்க, பெரிய இடத்து ஜனம், கடையில வாங்குனதுன்னு நெனைக்கிற அளவுக்கு இருக்கணும்."

"கெண்டி எல்லாரும் செய்வாங்க மாமி" என்றாள் இப்திசாம். "நான் புள்ளையையே செஞ்சு தர்றேன்."

"என்னது?"

"யாசீனை. துணியில சுத்திப் படுத்திருக்கிற மாதிரி. அதே நீளம், அதே கனம். ஸ்மூஹாக்காரங்க பாத்துட்டு வாயப் பொளக்கட்டும்."

ஹாஜா சனிய்யாவின் கண் சுருங்கி விரிந்தது. சம்பந்தியம்மாளின் பிளந்த வாயை அவள் அந்த நிமிஷமே பார்த்துவிட்டாள். "உன் கைக்கு வரும்தான்" என்றாள்.

"வரும். ஆனா நானே கீழ எடுத்துட்டு வருவேன். யாசீனை ஒரு தடவ என் மடியில போடணும். ஒரே ஒரு தடவ."

கிழவி முக்காட்டு நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அட, அதுக்கென்னம்மா, உன் புருஷனோட மருமகன்தானே. கேக்கு நல்லா வரட்டும், தூக்கு" என்றாள். கேக் நல்லா வரட்டும் என்பது ஒரு நிபந்தனை என்று இப்திசாமுக்குப் புரிந்தது. கரும்பு தின்னக் கூலி கேட்பாளா? அன்று மத்தியானமே மாவு சலிக்க உட்கார்ந்துவிட்டாள்.

அவள் செய்த தப்பு இதுதான். கெண்டியை யாரும் யோசிக்காமல் வெட்டுவார்கள், கன்றுக்குட்டியையும் வெட்டுவார்கள். பிள்ளையை யார் வெட்டுவது என்று இத்தனை வருஷம் தொழில் செய்தவளுக்குத் தோன்றவே இல்லை. மடியும் அதில் கிடக்கப்போகிற கனமும் மட்டும்தான் அவள் மண்டைக்குள் இருந்தது. ஆசை வந்தவளுக்குப் புத்தி எங்கே வேலை செய்யும்?

பிள்ளையைப் பார்க்காமல் எப்படிச் செய்வது? நாத்தனாருக்குச் செய்தி அனுப்பினாள். மர்வா படங்கள் அனுப்பினாள். ஒரு படத்தில் பாதம். ஒன்றில் விரல்களைச் சுருட்டின கை. மூன்றாவதில் முழுப் பிள்ளை இருந்தது, ஆனால் முகத்தின் மேல் ஒரு மஞ்சள் சிரிப்புப் பொம்மையை ஒட்டி வைத்திருந்தாள். கண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை.

இப்திசாம் போன் செய்தாள். "முகம் இல்லாம எப்படி மர்வா செய்றது?"

"மதினி, தப்பா எடுத்துக்காதீங்க. நாப்பது நாள் முகத்தை யாருக்கும் காட்டக் கூடாதுன்னு அம்மா சொல்றாங்க. உங்களுக்குன்னு இல்ல. யாருக்குமே. நீங்க உங்க இஷ்டத்துக்கு ஒரு முகம் வெச்சுடுங்க, பச்சப் புள்ளைங்க எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்."

யாருக்குமே என்றாள். கட்டடக் காவல்காரனின் பெண்டாட்டி அன்று சாயந்திரம் குப்பை எடுக்க வந்தவள், "தங்கச் செல, அல்லாஹ் காக்கட்டும், மூக்குதான் கொஞ்சம் சப்ப" என்று சொல்லிவிட்டுப் போனாள். குப்பை அள்ளுகிறவள் கண் நல்ல கண்ணாம். இப்திசாம் கதவைச் சாத்திவிட்டு வந்து கேக்கைச் செதுக்க ஆரம்பித்தாள்.

செதுக்குகிற கேக் பஞ்சு மாதிரி இருக்கக் கூடாது. வெண்ணெய் தாராளமாக விட்டு, நெருக்கமாக வேகவைத்து, குளிரவைத்து இறுகின பிறகுதான் பல் வைத்த கத்தியை எடுக்க வேண்டும். நாலு பலகைக் கேக்கை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து இடையிடையே சாக்லேட் தடவினாள். முதலில் சுற்றின துணியின் வடிவம் வந்தது, பிறகு வயிற்று மேடு, பிறகு துணிக்கு வெளியே தப்பி வந்த ஒரு பாதம். பாதத்தைப் படத்தில் பார்த்தபடியே செய்தாள். கட்டை விரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் தள்ளி நின்றது, அதையும் விடவில்லை. சர்க்கரை மாவில் ஒரு சொட்டு சிவப்பும் ஒரு சொட்டு காப்பிக் கலரும் பிசைந்து தோல் நிறம் எடுத்துப் போர்த்தினாள். முழங்கை மடிப்பில் விரல் நகத்தால் கோடு இழுத்தாள்.

முகத்தைக் கடைசிக்கு வைத்தாள். யோசிக்க வேண்டும் என்று நினைத்தாள், ஆனால் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அந்த முகம் பன்னிரண்டு வருஷமாகத் தயாராக இருந்தது. நெற்றி இப்திசாமுடையது, தாடை அவள் வாப்பாவுடையது, மூக்கு புருஷன் இஹாபுடைய கிளி மூக்கு, பிள்ளைக்கு ஏற்ற அளவில். மேல் உதட்டில் பால் குடித்த கொப்புளம் கூட வைத்தாள். கண் மூடியிருந்தது, இமை முடியை மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக எழுதினாள். எழுதி முடித்துத் தள்ளி நின்றவள் மறுபடியும் பக்கத்தில் போய்ப் போய்ப் பார்த்தாள். சந்தோஷம்தான். வேறு ஒன்றும் இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

இஹாப் தண்ணீர் குடிக்க வந்தவன் நின்றுவிட்டான். "இது யாரு?"

"யாசீன்."

"யாசீனுக்கு மூக்கு இப்படி இருக்காதே. அவனுக்குச் சப்ப மூக்கு, அவங்கப்பன் மாதிரி."

இப்திசாம் திரும்பினாள். "நீ பாத்தியா?"

"பாக்காம? தாய்மாமன்ல. ஆபீஸ்லேர்ந்து வரும்போது தெனமும் கீழ எறங்கி ஒரு அஞ்சு நிமிஷம் தூக்கிட்டுத்தான் வர்றேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னா நீ வருத்தப்படுவேன்னு அம்மா சொன்னாங்க." தண்ணீரைக் குடித்து முடித்தான். "நல்லா வந்திருக்கு. மூக்கை மட்டும் கொஞ்சம் அமுக்கிடு."

அவள் அமுக்கவில்லை.

ஏழாம் நாள் சாயந்திரம் மாமியார் வீட்டில் கால் வைக்க இடமில்லை. ஏழாம் நாள் வழக்கப்படி பெரிய சல்லடையில் மெத்தை விரித்து யாசீனைக் கிடத்தி, கண்ணேறு படாமல் இருக்கத் தலைமாட்டில் கத்தி வைத்து, மர்வா அவனை ஏழு தடவை தாண்டினாள். ஹாஜா சனிய்யா பித்தளை உரலைப் பிள்ளையின் காதோரம் வைத்து இடித்து, "உங்கம்மா பேச்சக் கேளு, உங்கப்பன் பேச்சக் கேக்காத!" என்று கத்தினாள். பெண்கள் குலவையிட்டார்கள். பொறாமைக்காரர் கண்ணில் உப்பு என்று உப்பைத் தூவினார்கள். இதெல்லாம் இப்திசாம் காதால் கேட்டதுதான். அவளைச் சமையலறையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். "கேக்கு உருகிடும்மா, நீ பிரிட்ஜ் பக்கத்துலயே இரு" என்றாள் மாமியார். தூவின உப்பில் கொஞ்சம் சமையலறை வாசல் வரைக்கும் வந்து விழுந்தது.

கடைசியில் கூப்பிட்டார்கள். பலகையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள்.

கடற்கரை ஊரின் புழுக்கம், பிரிட்ஜிலிருந்து வெளியே வந்த சர்க்கரைமேல் நீர் பூத்து, பிள்ளையின் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை நின்றது. ஒரு சின்னப் பெண், "ம்மா, அதுக்கு வேர்க்குது, விசிறி விடு!" என்றாள். எல்லாரும் ஒன்றாகச் சிரித்து, ஒன்றாக மாஷா அல்லாஹ் சொன்னார்கள். போன்கள் உயர்ந்தன. சம்பந்தியம்மாளின் வாய் நிஜமாகவே பிளந்தது. மாப்பிள்ளையின் அக்கா நீவீன், "இது மாவா, மாமிசமா? சத்தியமாச் சொல்லுங்க!" என்றாள்.

"ஆனா எங்க யாசீன் மாதிரி இல்லையே" என்றாள் சம்பந்தியம்மாள்.

ஹாஜா சனிய்யா குனிந்து பார்த்தாள். "அடி ஆத்தே! இது என் இஹாபு. பொறந்த அன்னிக்கு அப்படியே இப்படித்தான் இருந்தான். இந்த மூக்கப் பாரு!" பெருமை தாங்கவில்லை அவளுக்கு. மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், அப்புறம் சட்டென்று பேச்சை நிறுத்தினாள். அந்த மூக்கு ஏன் அங்கே இருக்கிறது என்று கிழவிக்குப் புரிந்துவிட்டது. புரிந்தவள் இரக்கப்படுவாள் என்று நினைத்தால் நமக்குத்தான் புத்தியில்லை.

"சரி, வெட்டுங்க" என்றார் யாரோ.

மர்வா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் மாட்டேம்மா. என் புள்ளை கழுத்துல நானே கத்தி வைக்கவா?" மாப்பிள்ளையைக் கேட்டார்கள், அவர் சிகரெட்டைத் தேடிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். நீவீன், "எனக்கு மூணு இருக்கு, வேண்டாம் சாமி" என்று பின்வாங்கினாள். ஒவ்வொருத்தராகப் பார்த்தால் எல்லாருக்கும் வீட்டில் ஒரு பிள்ளை, ஒரு பேரன், வயிற்றில் ஒன்று. பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். சபையில் அபசகுனம் வந்து உட்கார்ந்துவிட்டது, அதை எழுப்ப ஆள் இல்லை.

"ஏன் இவ்வளவு யோசனை?" என்றாள் ஹாஜா சனிய்யா. "இப்திசாம் வெட்டட்டும். அவளுக்கு என்ன பயம், பறிகொடுக்க அவகிட்ட என்ன இருக்கு?"

ரெண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்களுக்குப் பாரம் இறங்கின மாதிரி மூச்சு வந்தது. இப்திசாம் இஹாபைப் பார்த்தாள். அவன் எடுத்த படம் சரியாக வந்திருக்கிறதா என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மொதல்ல புள்ளையைக் குடுங்க மாமி. அப்புறம் வெட்டுறேன். சொல்லியிருக்கீங்க."

"சொன்னேன்தான், இல்லைன்னா சொன்னேன்? பசங்க பசியா நிக்குதுங்க. வெட்டிட்டு, கையக் கழுவிட்டு வா, உன் மடியிலயே போடுறேன். இத்தனை பேர் சாட்சி."

தலைமாட்டில் வைத்த கத்தியை ஒருத்தி எடுக்கப் போனாள். "அது வேண்டாம்! அது புள்ளையக் காக்குற கத்தி" என்று மர்வா தடுத்தாள். இப்திசாம் தன் பையிலிருந்து பல் வைத்த கத்தியை எடுத்தாள். செதுக்கின அதே கத்தி.

துணியின் ஓரத்தில் ஆரம்பித்தாள். அது சுலபம், அது வெறும் துணி. பிறகு வயிறு. தள்ளி நின்ற கட்டை விரலோடு பாதம் ஒரு தட்டுக்குப் போனது. "எனக்குத் தல! எனக்குத் தல!" என்று ஒரு பையன் குதித்தான், அவனை யாரும் அடக்கவில்லை. முகத்துக்கு வந்தபோது அவள் கை நின்றது. மடியில் விழப்போகிற கனத்தை நினைத்துக்கொண்டாள். பிறகு நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவில் கத்தியை இறக்கினாள். நெற்றியிலிருந்த நீர் கத்தியோடு சேர்ந்து கீழே வழிந்தது.

குளியலறைக்குப் போய்ச் சோப்புப் போட்டு ரெண்டு தடவை கை கழுவினாள். துடைத்துக்கொண்டு வந்து, மர்வாவின் முன்னால் உட்கார்ந்து, ரெண்டு கையையும் நீட்டினாள். யாசீன் விழித்திருந்தான். துணி ஓரத்தில் அவனுடைய கன்னத்தில் ஒரு விரற்கடை மட்டும் தெரிந்தது.

மர்வா பிள்ளையை மார்போடு இழுத்துத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். "அம்மா..." என்றாள். நிஜமான பயம்தான் அது, நடிப்பு இல்லை.

"வேண்டாம்மா இப்திசாம்" என்றாள் ஹாஜா சனிய்யா, வெகு நிதானமாக. "இப்பத்தானே அந்தக் கையால புள்ளையோட முகத்தைப் பொளந்த. எல்லாரும் பாத்தாங்களே. அதே கைல எப்படிம்மா குடுக்குறது? நீயே ஒரு தாயா இருந்து யோசிச்சுப் பாரு."

நீயே ஒரு தாயாக இருந்து. கேட்டீர்களா? அதையும் சொன்னாள் அந்தப் புண்ணியவதி. சபை தலையாட்டியது. நியாயம்தானே என்று ஒரு குரல் கேட்டது.

இப்திசாம் நீட்டின கையை மடக்கினாள். எழுந்து மேசைக்குப் போனாள். தட்டுகளை எடுத்து, ஒவ்வொருத்தராகக் கொண்டுபோய் நீட்டினாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

"சம்பந்தியம்மா, உங்களுக்கு வயிறு. நீவீன், உங்களுக்குக் கை, விரல் எல்லாம் சரியா இருக்கு, எண்ணிப் பாத்துக்கங்க. மர்வா, பால் குடுக்குறவ, நல்லாச் சாப்பிடணும், இந்தா கழுத்து." கடைசித் தட்டை மாமியாருக்கு முன்னால் வைத்தாள். "மாமி, மூக்கு உங்களுக்குன்னே எடுத்து வெச்சேன். உங்க மகன் மூக்கு. உங்க பேரனுக்கு வந்திருக்க வேண்டியது. சாப்பிடுங்க."

ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு பால்கனிக்கு ஓடினாள். தட்டுகள் அங்கங்கே அப்படியே நின்றன. கழுத்துத் தட்டை மர்வா காலால் தள்ளினாள். ஹாஜா சனிய்யா மூக்குத் தட்டைச் சம்பந்தியம்மாள் பார்க்காதபடி கையால் மறைத்தாள். இப்திசாமுக்கு அது இனித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இஹாப் மட்டும் சாப்பிட்டான். காதும் கன்னமும் அவன் தட்டில் இருந்தது. முள்கரண்டியால் காதை முதலில் எடுத்து வாயில் போட்டு மென்றான். "உள்ள கொஞ்சம் காஞ்சு போச்சு" என்றான் பெண்டாட்டியிடம், மெதுவாக, மற்றவர்கள் கேட்டுவிடக் கூடாதே என்ற அக்கறையோடு. அந்த ஒரு கணம் இனித்தது கூட அவளுக்குக் கசந்துபோனது.

ரெண்டு நாள் கழித்து நீவீனிடமிருந்து குரல் செய்தி வந்தது. இஹாப் சோபாவில் சாய்ந்து பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். இப்திசாம் சமையலறையிலிருந்தே அதைச் சத்தமாக வைத்துக் கேட்டாள்.

"இப்திசாம் கண்ணு, அன்னிக்கு நடந்ததெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. உங்க கேக்கு படத்தைப் பாத்துட்டு ஸ்மூஹாவே பேசுது. என் தங்கச்சிக்கு அடுத்த வாரம் ஏழாம் நாள். பொண்ணு. அதே மாதிரி ஒண்ணு வேணும், கண்ணு மட்டும் தொறந்திருக்கட்டும். அப்புறம் ஒரு சின்ன உதவி. வெட்டுறதுக்கு நீங்களே வந்துடணும். எங்க பக்கம் அதுக்கு ஆள் இல்ல பாருங்க, எல்லாம் புள்ளகுட்டிக்காரங்க."

"பாத்தியா, பேரு பரவிடுச்சு!" என்றான் இஹாப், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒத்துக்கோ."

காற்றுக் கூண்டு வழியாக யாசீன் அழுகிற சத்தம் ஏறி வந்தது. இப்திசாம் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பதில் பேசினாள். "வர்றேன். வெட்டியும் தர்றேன். ஆனா மொதல்ல அந்தப் பொண்ணை என் கையில குடுக்கணும். தூக்கிட்டுத்தான் கத்தியத் தொடுவேன். அதுக்குச் சரின்னா சொல்லுங்க."

பதில் வரக் கொஞ்சம் நேரமானது. அந்த நேரம் முழுக்க அவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். வெட்கங்கெட்ட மனசு அப்போதும் கணக்குப் போட்டது. பெண் பிள்ளை, எடை கம்மியாக இருக்கும், ஒரு கையிலேயே தாங்கலாம்.

"ஐயோ, அதெப்படி கண்ணு!" என்றது நீவீனின் குரல், சிரிப்போடு. "சரி விடுங்க, அப்ப புள்ளை வேண்டாம். பொண்ணுக்கு வைக்கிற பானையே செஞ்சு குடுத்துடுங்க, ரோஸ் கலர்ல."

"பானைதானே, சுலபம்" என்றான் இஹாப். "அதை யாரு வேணா வெட்டலாம்."